மூஞ்சிப் பெட்டி

மாமனார் வீட்டில் ஜன்னலோர நாற்காலி மூத்த மாப்பிள்ளைக்கு என்றுதான் பத்து வருடமாக இருந்தது. இப்போது அதில் சகலை உட்காருகிறான். "சின்ன மாப்பிள்ளை, காத்து வருதா?" என்று மாமனார் வேறு விசாரிக்கிறார். சின்ன மகள் வேறு இனத்தானைக் காதலித்துக் கட்டிக்கொண்டபோது மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த மனிதர்தான் இவர்!

வீட்டோடு போயிருந்தால்கூட மூத்த மாப்பிள்ளை பொறுத்திருப்பார். தான் எடிட்டராக இருக்கும் டிவியிலேயே சகலைக்கும் எடிட்டர் வேலை வாங்கிக் கொடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். பதினோரு வருடத்தில் மேனேஜர் அவரிடம் பேசியதெல்லாம் "முடிஞ்சுதா?" என்ற ஒரே வார்த்தை. சகலை வந்த ஆறே மாதத்தில், "சின்னவர் கைபட்டாலே தனிதான்" என்கிறார்.

அப்போதுதான் அவர்கள் டிவிக்குப் பிரபலங்களின் குத்துச்சண்டை நிகழ்ச்சி வந்தது. ஒரு பாடகர், ஒரு காமெடி நடிகர். இரண்டு பேருக்கும் குத்தத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். பாடகர் மூத்த மாப்பிள்ளையின் இனம். நடிகர் சகலையின் இனம், அதே கறுப்பு நிறம்.

"ப்ரோமோல இனத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆனா பாக்குறவனுக்கு அது ஞாபகம் வரணும்" என்றார் மேனேஜர்.

"வேண்டாம் சார். எங்க தெருவுல இப்பவே ஆளுக்கு ஆள் முறைச்சுக்கிறாங்க" என்றான் சகலை. பாடகரும் நடிகரும் ஒருவருக்கொருவர் கையுறை கட்டிவிட்டுச் சிரிக்கிற மாதிரி, நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாக ஒரு ப்ரோமோ செய்தான். சனங்கள் அதைப் பகிர்ந்து தள்ளினார்கள். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துப் பாராட்டினார். மூத்த மாப்பிள்ளையும் கை தட்டினார். தட்டாமல் இருக்க முடியுமா?

எடிட்டிங் அறையில் 'மூஞ்சிப் பெட்டி' என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் ஒரு போல்டர்தான். கொட்டாவி, முறைப்பு, அசட்டுச் சிரிப்பு என்று மிச்சம் விழுந்த முகங்களையெல்லாம் அதில் போட்டு வைத்து, சமையல் நிகழ்ச்சிக்கும் பாட்டுப் போட்டிக்கும் தேவையான இடத்தில் ஒட்டுவார்கள். பழக்கத்தை ஆரம்பித்ததே மூத்த மாப்பிள்ளைதான். அன்று அடுத்த ப்ரோமோவுக்காக அதைத் திறந்தார். பயிற்சியின்போது பாடகர் வாய் கொப்பளித்துத் துப்பிய காட்சி கிடைத்தது.

சண்டைக்கு முன்னால் எடை பார்க்கிற சடங்கில் நடிகர் கை நீட்டினார், பாடகரும் பிடித்துக் குலுக்கினார். குலுக்குவதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டி, அந்தத் துப்பலை ஒட்டினார் மூத்த மாப்பிள்ளை. பாடகருக்கு இரண்டு நாளும் ஒரே சிவப்புச் சட்டை. நீட்டிய கையிலேயே துப்பியது போல இருந்தது. தப்பு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நாடு பார்க்கும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. சகலை பார்த்து வாயடைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் நாடே பார்த்தது. மூன்றாம் நாள் பஸ் நிலையத்தில் கல் பறந்தது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "சின்னவர் எங்கய்யா? லீவா? என்ன வேலை பண்ணிட்டுப் போயிருக்கார் மனுஷன்!" என்றார். ப்ரோமோவில் யார் பெயரும் போடுவதில்லை.

'அது நான் வெட்டினது சார்' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் மனைவியின் போன். "தங்கச்சி வீட்டுக்கு உடனே போங்க. குட்டிக்கு ஸ்கூல்ல ஏதோ ஆயிடுச்சாம்."

குட்டி சகலையின் மகள், எட்டு வயது. விளையாட்டுக்கு ஜோடி சேரக் கை நீட்டியிருக்கிறாள். கூடப் படிக்கிறவள் அந்தக் கையில் துப்பிவிட்டாள். டிவியில் பார்த்தது என்று வகுப்பே சிரித்திருக்கிறது. வந்ததிலிருந்து குழந்தை சமையலறைக் குழாயில் கை கழுவிக்கொண்டே இருந்தது.

"எந்தப் பாவி வெட்டி ஒட்டினானோ" என்று அங்கே வந்திருந்த மாமனார் பொருமிக்கொண்டிருந்தார்.

சகலை மூத்த மாப்பிள்ளையைப் பால்கனிக்கு அழைத்துப் போனான். "அண்ணா, அந்தத் துப்பல் பயிற்சி அன்னைக்கு எடுத்தது. அதுக்குக் குறிப்பு எழுதி வச்சதே நான்தான்" என்றான் மெதுவாக. "வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அக்கா தலைகுனியக் கூடாது. மாமாவுக்குத் தெரியவே வேண்டாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சட்டையைப் பிடித்திருந்தாலும் தாங்கியிருப்பார். பெற்ற பிள்ளை உள்ளே அழும்போதும் இவன் பெரிய மனுஷனாக நிற்கிறானே! இதிலும் இவன்தான் ஒசத்தியா? விடுவிடுவென்று கூடத்துக்கு வந்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேனேஜரை அழைத்தார்.

"சார், அந்த ப்ரோமோ நான் வெட்டினது. துப்பினது வேற நாள். அது பொய் சார், எடுத்துடுங்க."

"அட, நீங்களா!" மேனேஜரின் குரல் கூடத்தை நிறைத்தது. "நான் சின்னவர்னுல்ல நினைச்சேன். பதினோரு வருஷமா இந்தக் கைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? சின்னவரெல்லாம் உங்க கிட்டயே வர முடியாது சார். கடைசி ப்ரோமோவும் நீங்கதான்!"

மாமனார் எழுந்து அவரையே பார்த்தார். கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாய்ச் சத்தம் நின்றது. குட்டி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, அப்ப அந்த பாட்டு மாமா துப்பவே இல்லையா?"

"இல்லம்மா. கை குடுத்தார்."

"அப்ப எனக்கு ஏன் துப்பினா?"



"ஹலோ சார், கேக்குதா?" என்றது போன். "சாயங்காலமே வந்துடுறீங்களா?"