இணைப்பில் இருப்பவர்

1

இந்தக் கதை ஒரு பழைய மென்பொருளின் வசதிகளைப் படிக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டது. இணையம் பரவுமுன் இருந்த கணினி அறிவிப்புப் பலகைகளை, அதாவது 'போர்டு'களை, நடத்தும் மென்பொருள் அது. மோடம் வைத்துத் தொலைபேசியில் கூப்பிட்டு நுழைவார்கள். ஒரே லைன் என்றால், ஒரு நேரத்தில் ஒருவர்தான். மூன்று மாதம் எட்டிப்பார்க்காதவர் பெயரைப் பலகை தானே அழித்துவிடும். அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. (சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக.)

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக—'

சீ! கடலை வைத்துத் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.

சரி, இப்படி: 2006. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்த பிறகும், வடசேரியில் எபிசன் வீம்புக்கு ஒரே லைனில் ஒரு பலகை நடத்துகிறான். மீன் விலை, காற்று நிலவரம், வெட்டி அரட்டை. மணவாளக்குறிச்சி ஆன்ட்ரூஸ் தினமும் நுழைகிறவன். ஒருநாள் கடலுக்குப் போனவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மாதங்கள் போயும் அவன் பெயர் மட்டும் பலகையில் அழியவில்லை. தாய் வியாகுலம்மாள் இறந்தவனுக்கான பூசைக்குச் சம்மதிக்கவே இல்லை. "வராதவன் பேரு அழிஞ்சிரும்ணு நீதானே ஏட்டி சொன்னே? அழியல்லியே! பிள்ள எங்கயோ இருக்கான். இருக்கவனுக்கு எதுக்கு ஆத்துமப் பூச?" என்று மகள் ஷெர்லியிடம் சண்டை.

3

ஷெர்லி மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அவளே வடசேரிக்கு வந்து போட்டுடைத்தாள்.

"எபிசண்ணே, நான்தான் அண்ணன் பேருல கேறுனேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். பேரு போயிரப்பிடாதுண்ணு செய்தேன். இப்பொ அம்ம சோறு வச்சிக் காத்திருக்கா. பாக்க முடியல்ல. பேர எடுத்திருங்க. நாளைக்குப் பூச வைக்கணும்."

"நல்லா யோசிச்சியா மக்கா?"

அவள் அழுதாள். நல்ல வெயில் நேரம். எபிசன் ஆன்ட்ரூஸ் பெயரைத் தேடி, நீக்கு என்று தட்டினான். பலகை மறுத்தது.

'இணைப்பில் இருப்பவரை நீக்க இயலாது.'

மோடத்தில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

4

[விளக்கம் வேண்டும் என்பீர்கள். வீட்டிலிருந்து தாய் கூப்பிட்டிருப்பாளோ? அவளுக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது. லைன் கோளாறு என்று ஒரு முடிவு எழுதினேன். கோளாறுக்கு எப்படி பாஸ்வேர்டு தெரியும்?]

இன்னொரு வசதி உண்டு. பலகைக்காரர் ஒரு விசையைத் தட்டினால் உள்ளே இருப்பவரோடு நேரே பேசலாம். அவர் அடிப்பதும் அழிப்பதும் எழுத்தெழுத்தாகத் தெரியும். எபிசன் அதைத் தட்டுவதாக எழுதிப் பார்த்தேன். திரையில்,

'ஏட்டி, அம்மைக்கிட்ட—'

என்று வந்து நின்றது. பயந்துபோய் அந்தப் பக்கத்தையே கிழித்தேன். அந்த வரியை நான் யோசிக்கவே இல்லை.

5

இனி என்னால் ஆகாது. இரண்டு விசைகள் இருக்கின்றன: ஒன்று இணைப்பைத் துண்டிக்க, இன்னொன்று உள்ளே இருப்பவரோடு பேச. துண்டித்தால் பெயரை நீக்கலாம். நாளை பூசை நடக்கும், வியாகுலம்மாள் வாய்விட்டு அழுது தீர்ப்பாள். பேசினால் பூசை கிடையாது, இனி எப்போதும் கிடையாது.

எபிசன் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஷெர்லி, படிக்கிற உங்களைத்தான் பார்த்துச் சொல்கிறாள்:

"கொஞ்ச நேரத்துல போர்டு தானா கட் பண்ணீரும். வல்லதும் ஒண்ணு செய்யுங்க."