பூட்டு மாமாவின் சட்ட ஆலோசனை

மகனின் சட்டையை அக்கா இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் அவள் தம்பி பூட்டு மாமா அதைப் பிடுங்கிக் கசக்கினார்.

"தேய்ச்ச சட்டையோட போனா வசதியான வீடுன்னு நினைச்சு அபராதத்தைத் தீட்டிடுவாங்க அக்கா. எனக்குத் தெரியாத கோர்ட்டா?"

அதில் பொய்யில்லை. ஊரில் அவர் கை படாத பூட்டு இருந்தால், அது இன்னும் தொழிற்சாலையை விட்டு வெளியே வராத பூட்டாகத்தான் இருக்கும். நீதிமன்றப் படிக்கட்டே அவர் பாதத்தின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பதினைந்து வயது மருமகன் பக்கத்துத் தெரு சைக்கிளை எடுத்து மாட்டிக்கொண்டதும், வக்கீல் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார்.

"எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு மாப்ளே. வேற ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது."

சிறார் நீதி வாரியத்துக்குள் நுழைந்ததுமே மாமா குற்றவாளிக் கூண்டைத் தேடினார். கூண்டைக் காணோம். பையனுடன் வந்த போலீஸ்காரர் பூப்போட்ட சட்டையில் நின்றார். வேடிக்கை பார்க்க வந்த நாலு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"உக்காருப்பா. சாப்பிட்டியா?" என்றார் நீதிபதி அம்மா.

மாமாவுக்குப் பகீரென்றது. இத்தனை பெரிய பொறியை அவர் ஆயுளில் கண்டதில்லை.

"தெரியாது," என்றான் பையன்.

"எந்த வகுப்புப் படிக்கிற?"

"தெரியாது."

"இவங்கதானே உங்க அம்மா?"

பையன் மாமாவைப் பார்த்தான். மாமா கண்ணைக் காட்டினார். "தெரியாது."

அக்கா தம்பியை முறைத்த முறைப்பில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்திருக்க வேண்டும்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சைக்கிளைப் பத்திச் சொல்லியே ஆகணும்னு கேக்கலம்மா. பையன் யாரு, எப்படி வளர்றான், வீட்ல யார் பாத்துக்குவாங்கன்னு தெரியணும். அதுவும் தெரியலைன்னா எப்படி வீட்டுக்கு அனுப்பறது? கொஞ்ச நாள் சிறார் இல்லத்துல வெச்சுப் பாக்கணும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சந்தேகத்தோடேயே எழுந்தார்.

"வீட்டுக்கா? திருடினவனையா? இதுல என்னங்கம்மா உள்குத்து?"

"உள்குத்து ஒண்ணும் இல்லைங்க. பெரியவங்க கோர்ட்ல குத்தத்துக்கு என்ன தண்டனைன்னு பாப்பாங்க. இங்க பையனை எப்படித் திருத்தறதுன்னு பாக்கறோம். அவன் பேர் பேப்பர்ல வராது. நாளைக்கு வேலைக்குப் போறப்ப இது குறுக்க நிக்காது."

"எழுதித் தருவீங்களா?"

"சட்டத்துலயே எழுதியிருக்கு."

மாமா அக்காவைப் பார்த்தார். நீதிபதி பக்கம் திரும்பினார்.

"நான்தாம்மா அப்படிச் சொல்லச் சொன்னேன். அவன் ஒன்பதாவது படிக்கிறான். பொய் சொல்லத் தெரியாத பய. நேத்து ராத்திரி பூரா நான் உக்காந்து பழக்கினேன்."

பையன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "ஓட்டிப் பாத்துட்டுத் திருப்பி வெச்சிடலாம்னுதான் எடுத்தேன்," என்று சொல்லி அழுதுவிட்டான்.

பையன் அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம், ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும், ஆலோசகரை வந்து பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி. "கூட மாமாவும் வரட்டும். அவருக்குத்தான் முக்கியமாத் தேவை."

வெளியே வந்ததும் மாமா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா, இன்னும் சந்தேகமா?" என்றாள் அக்கா.

"அதில்லக்கா. இவன் வயசுல நான் ஒரு டார்ச் லைட்டைத்தான் திருடினேன். வயசைக்கூடக் கேக்காம பெரியவங்க ஜெயில்ல போட்டாங்க. பூட்டுத் திறக்கற வித்தையை அங்கதான் கத்துக்கிட்டேன். தப்புப் பண்ற பிள்ளையைத் திருத்தணும்க்கா. கைதேர்ந்தவனுங்களோட சேத்து அடைச்சா, அரசாங்கமே சோறு போட்டுத் திருடனை வளர்த்த மாதிரிதான்."