சுவரின் மஞ்சள்

"கண்ணு மஞ்சளானத எப்ப மொதல்ல கவனிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டதும் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டு, "நாலு நாளைக்கு முன்னாடி" என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த எங்கள் மகள் தலையாட்டினாள். நாலு நாளைக்கு முன்னால் வெளியூரிலிருந்து வந்து இறங்கியதும், அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஊசியில் சதை எடுக்கவும் இழுத்துக்கொண்டு அலைந்தவள் அவள்தான். டாக்டர் எழுதிக்கொண்டார். நாலு நாளாவது மண்ணாவது. நாற்பது நாள்.

நான் பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். கிழிந்த திரைச்சீலை, உடைந்த ஓடு, உதிர்ந்த காரை என்று எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் எத்தனை சொட்டு கறுப்பு, எத்தனை சொட்டு சிவப்பு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். கடைக்கு மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் அது கலக்கியது சரிதானா என்று முதலாளி என்னிடம்தான் காட்டுவார். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் என் மனைவி ஆசைப்பட்டாள் என்று சமையலறைக்கு நானே மஞ்சள் கலந்து அடித்தேன். பளிச்சென்று வந்தது. சுவரின் நிறம் எதிரே நிற்பவர் முகத்தில் விழும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஒரு காலையில் அவள் அடுப்படியிலிருந்து திரும்பி, கண் மஞ்சளாக இருக்கிறதா பாருங்கள் என்றாள். கையிலிருந்த டம்ளரைக்கூட நான் கீழே வைக்கவில்லை. "சுவரு மஞ்சள்டி, அது உன் மேல அடிக்குது. பெயின்ட்காரன் பொண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது?" என்றேன். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போக எத்தனை அடி? எட்டு அடி இருக்குமா? நான் விடிந்ததும் கிளம்புகிறவன், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவன். அவள் கையைச் சொறிந்தபோது சோப்பை மாற்று என்றேன். சாப்பாடு குறைந்தபோது, இளைத்தால் நல்லதுதானே என்று கிண்டல் செய்தேன். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என் கதை தலைகீழ். காமாலையே எதிரில் வந்து நின்றும் எனக்குச் சுவர்தான் தெரிந்தது.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கல்லீரலின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் பித்தக்குழாய்கள் ஒன்றுசேர்கிற இடத்தில் கட்டி. ஊசியில் எடுத்த சதை அது புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டது. அளவு பட்டாணிதான், ஆனால் பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, வெட்டி எடுக்க முடியாது. அடைத்த இடத்தில் சின்னக் குழாய் வைத்தால் பித்தம் இறங்கும், மஞ்சள் போகும், அரிப்பு நிற்கும். பிறகு மருந்து ஏற்றலாம். அதனால் குணமாகுமா என்று மகள் கேட்டாள். நாளைத் தள்ளிப்போடலாம் என்றார்.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் டாக்டரிடம் நாற்பது நாள் கணக்கைச் சொன்னேன். இது நாற்பது நாளில் வளர்ந்த கட்டி இல்லை, ரொம்ப காலமாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கும் என்றார். அப்போதே வந்திருந்தால் வெட்டியிருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சொல்ல முடியாதுங்க."

முடியாது என்று மட்டும் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்? மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

குழாய் வைத்த அன்று சாயங்காலம், மகள் மருந்து வாங்கப் போயிருந்தபோது, மனைவியிடம் சொன்னேன். டாக்டருக்கு உண்மை தெரியும், மகளிடமும் சொல்லிவிடப் போகிறேன், எனக்காக நீ பொய் சொல்ல வேண்டாம் என்றேன்.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா?" என்றாள். குரலே எழவில்லை. "நான் போனப்புறம் அவளுக்கு அப்பா வேணும். உங்க மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் அவ அந்த நாப்பது நாள எண்ணிக்கிட்டு இருக்கணுமா?"

"ஒனக்கு எம்மேல கோவமே இல்லியா?"

"இல்லாம? முந்தாநாள் பூரா கோவந்தான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கண்ணாடியக்கூட பாக்காம இருந்தேன் பாருங்க, அந்தக் கோவம் வேற."

பிறகு தலையணையை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன்.

மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கிவிட்டது. முதல் மருந்து ஏற்றப் போன அன்று, அந்த அறையின் திரையை மகள் முழுசாக விலக்கிவிட்டாள். இதனால் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அவளால் சந்தோஷப்படாமல் இருக்க முடியவில்லை. "அப்பா, இங்க வந்து பாருங்களேன், அம்மா கண்ணு எவ்வளவு வெள்ளையா இருக்குன்னு" என்று கூப்பிட்டாள். நான் கட்டிலருகே போனதும் என் தோளில் இடித்தாள்.

"ஊர்ல இருக்குற கலரெல்லாம் கண்டுபிடிக்கிறீங்க. இத மட்டும் எப்படிப்பா விட்டீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கை அது. அதில் அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குனிந்தேன். பகல் வெளிச்சத்தில், இவ்வளவு கிட்டத்தில், அந்தக் கண்களைப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. வெள்ளையில் லேசாக நீலம் ஓடியது. ஓரத்தில் மெல்லிய சிவப்பு நரம்பு ஒன்று. அதற்குக் கீழே நீர் திரண்டு, விழாமல் நின்றது. மகள் சிரித்தபடியே என் பதிலுக்குக் காத்திருந்தாள். மணிக்கட்டில் பிடி இன்னும் இறுகியது.