முதல் கடிதத்தில் கேட்கக் கூடாது

கவுன்சிலர் முத்தம்மா எங்கள் வீட்டு வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மந்தைவெளியில் எங்களுடையது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவருக்குப் பின்னால் கட்சிக்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் சால்வை, இன்னொருவர் கையில் ஆப்பிள் பை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. லிஃப்டுக்கு வழி பிறந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு படி ஏறி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

என் முட்டிகள் இரண்டும் கைவிட்டு எட்டு மாதம் ஆகிறது. மாடிப்படி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தெருவை பால்கனியிலிருந்து பார்ப்பதோடு சரி. என் கணவர் ராமானுஜம் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்கி வரும் வெண்டைக்காய் கத்திக்கே மசியாது. பாட்டு கற்றுக்கொள்ள வரும் பெண்கள் மேலே ஏறி வந்து ஊர்க்கதை சொன்னால் உண்டு. கட்டடத்திலிருக்கும் எட்டு வீட்டுக்காரர்களும் எனக்காகவே கையெழுத்துப் போட்டு, பின்பக்கம் லிஃப்ட் வைக்க மாநகராட்சிக்கு விண்ணப்பித்தார்கள். இன்ஜினியர் ஒருவர் வந்து இடத்தை அளக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஐந்து மாதமாகக் கம்ப்யூட்டரில் 'கள ஆய்வு நிலுவையில்' என்ற ஒரே வரி.

"கவுன்சிலருக்கு எழுதுங்கோளேன்" என்று என் கணவரிடம் நான்தான் சொன்னேன். அவர் நந்தனத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் அவரை விட்டுவிட்டது, அவர் ஆபீஸை விடவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து மூன்று தடவை திருத்தி எழுதி, நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆறு வாரமாக நான் தினமும் கேட்பேன். "எழுதியாச்சு விசாலம். அததுக்கு ஒரு முறை இருக்கு" என்பார்.

முத்தம்மா ஒரு சொம்பு மோரைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து என் கணவருக்குச் சால்வை போர்த்தினார். ஒருவர் போட்டோ எடுத்தார்.

"கவுன்சிலராகி இத்தினி வருசத்துல, வர்ற லெட்டரெல்லாம் குப்பை அள்ளல, லைட்டு எரியல, கொசு கடிக்குதுன்னு தான் சார் வரும். ஒண்ணுமே கேக்காம, நல்லா செய்றீங்கம்மான்னு மூணு பக்கம் எழுதுனது நீங்க ஒர்த்தர் தான். படிச்சிட்டு அழுதுட்டேன் சார்."

ஒன்றுமே கேட்காமலா? நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சால்வையின் குஞ்சத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ லிஃப்ட்?" என்றேன்.

"எந்த லிஃப்ட்டு மாமி?"

"முதல் கடிதாசுலயே கேட்டா நன்னாவா இருக்கும்?" என்றார் அவர், குரலே எழும்பாமல். "முதல்ல அறிமுகம். அப்புறம் நினைவூட்டல். மூணாவதுலதான் விண்ணப்பம். ரெண்டாவதை எழுதிண்டிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் என்றும் பார்க்கவில்லை. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தாம்மா பண்ணினார்! பஜ்ஜியைச் சாப்ட்டுட்டு, எங்காத்துக் கிணத்துத் தண்ணி நன்னா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டார். பிடிச்சிருக்குன்னு எழுத மூணு கடிதாசு ஆச்சு. அதுக்குள்ள எங்கப்பா வேற வரன் பாக்க ஆரம்பிச்சுட்டார்!"

முத்தம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பொத்தி என்ன பிரயோஜனம், நாற்காலியே குலுங்கியது. கட்சிக்காரர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியாக என் கணவரும் சேர்ந்துகொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் முத்தம்மா விஷயத்தை முழுசாகக் கேட்டார். போனை எடுத்தார். "இன்னா இன்ஜினியரே, அஞ்சு மாசமா ஒரு எடத்தை அளக்க முடியலயா? அடுத்த வாரமா?" என்றவர், போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"மாமி, கீழ எறங்கி எத்தினி நாளாச்சு?"

"எட்டு மாசம்."

அவர் கையை எடுத்தார். "இன்ஜினியரே, மாமி ரோட்ல சேர் போட்டு உக்காந்துகினு கீறாங்க. நீ வந்து அளந்தா தான் மேல போவாங்களாம்."

நான் அப்போது சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முத்தம்மா போனை வைத்துவிட்டு நால்வரையும் பார்த்தார். "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? சேரோட தூக்குங்க."

வேண்டாம் என்று வாய் சொன்னது. கைகள் அதற்குள் நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. என் கணவர் முன்னால் போய், "பாத்து, இங்க ஒரு படி ஒடஞ்சிருக்கு" என்று வழி சொல்லிக்கொண்டே இறங்கினார். சத்தம் கேட்டு ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. முதல் மாடி வஜீஹா கையில் கரண்டியோடு ஓடி வந்து, "ஆன்ட்டி, நீங்களா!" என்று அடுப்பை மறந்துவிட்டு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

வேப்பமரத்தடியில் நாற்காலியை வைத்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் எல்லோருக்கும் தலைதான் உண்டு. இப்போது முகம் இருந்தது. இஸ்திரி வண்டிக்காரருக்கு மீசை நரைத்திருந்தது. எதிர்வீட்டுக் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. துணி சூடாகும் வாசனையும், யார் வீட்டிலோ ரசம் கொதிக்கும் வாசனையும் வந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தெரு பார்க்கிறதே என்றுகூடத் தோன்றவில்லை, கண்ணீரைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். முத்தம்மா அடுத்த வேலைக்குக் கிளம்பும்போது, "அளந்து முடிச்சதும் போன் பண்ணுங்க, மேல தூக்கினு போவ பசங்கள அனுப்புறேன்" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து, தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. ஓட்டி வந்தவர் இடுப்பில் மஞ்சள் நிற அளவு நாடா தெரிந்தது. வண்டியை நிறுத்தி, கதவிலக்கம் பார்த்து, தவறான வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவர்தான், அவரேதான்!" என் கணவர் கூப்பிடக் கையை உயர்த்தினார்.

நான் அந்தக் கையை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"இருங்கோன்னா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாழி தேடட்டும்."