நடைபாதையில் ஐந்து கால்தடங்கள்

தடதடவென்று அலறியது தரையை உடைக்கும் மெஷின். தையல்காரம்மா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, சிமெண்ட் நடைபாதையில் பதிந்திருந்த ஐந்து குட்டிக் கால்தடங்களின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்கக்கா, குழாய் பதிக்கணும்" என்றார் நரைத்த மேஸ்திரி.

"முதல்ல என் தலையை உடைங்க! இது என் பொண்ணு காலு."

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஈர சிமெண்டில் இரண்டு வயது மகள் இவள் கையை உதறிக்கொண்டு ஓடிய தடம் அது. இப்போது கடல் தாண்டி நர்ஸ் வேலை பார்க்கும் அவள், எப்போது வந்தாலும் முதலில் இதன் மேல்தான் கால் வைத்துப் பார்ப்பாள். அதற்காகவே தையல் மெஷினை ஓரடி தள்ளிப் போட்டிருந்தாள் அம்மாக்காரி.

"அன்னைக்கும் ஒரு கொத்தனார் வாய்க்கு வந்தபடி திட்டினான், பாவி! புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடிட்டேன். நல்லவேளை, அவன் பூசி அழிக்க மறந்துட்டான்."

மேஸ்திரி கையைக் காட்டி உடைக்கும் மெஷினை நிறுத்தினார். குனிந்து, அந்தச் சின்ன விரல் குழிகளில் சேர்ந்திருந்த மண்ணை வாயால் ஊதினார்.

"உடைக்காம அப்படியே அறுத்து எடுத்துத் தரேன், பத்திரமா வெச்சுக்குங்க" என்றவர், முகத்தை நிமிர்த்தாமலே சொன்னார்:

"மறக்கலைக்கா. அது காயுற வரைக்கும் நாய் மிதிச்சிடாம பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."