முதல் வகுப்பு இலவசம்

...அப்படியென்றால் நாளைக்கு ஏரிதான், வேறு வழியில்லை, நூலகத்துக்கு விடுமுறை, அருங்காட்சியகத்தில் மாதத்துக்கு ஒரே ஒரு நாள்தான் காசில்லாமல் விடுவார்களாம், அதற்குள் இவர்கள் இந்த ஊரை விட்டே போயிருப்பார்கள், தீயணைப்பு நிலையத்தில் குழந்தைகளை வண்டியில் ஏற்றிக் காட்டுவார்களாம், ஆனால் போனை எடுக்கத்தான் ஆளில்லை, பாவம், எங்கே என்ன பற்றி எரிகிறதோ... நீச்சல் குளத்தின் ஓரத்தில், ஈரமான பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கண் போனிலும் ஒரு கண் தண்ணீரிலுமாக அவள் தேடிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் மகள் இருந்தாள், சிட்டு, ஒன்பது வயது, சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு காலை உதைத்துக்கொண்டிருந்தாள். முதல் வகுப்பு இலவசம் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள், வீட்டைக் காலி செய்துவிட்டு வேனிலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பது என்று கிளம்பிய நாளிலிருந்து அந்த மாதிரி எழுத்துகள் எந்தச் சந்தில் இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும், ஓசித் துறை மந்திரி என்று கணவன் அவளுக்குப் பட்டமே கொடுத்திருந்தான். அவன் இந்நேரம் வேனுக்குள் மடிக்கணினியோடு யாருடைய கடைக்கோ இணையதளம் செய்துகொண்டிருப்பான், அவனுக்குப் பகலில் சத்தம் ஆகாது, அதனால் தாயும் மகளும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும், செலவில்லாமல், வெயில் படாமல், பிள்ளை முகம் சுளிக்காமல்... இதுவும் ஒரு உத்தியோகம்தானே, இதற்கு யார் லீவு தருகிறார்கள்?

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சிட்டு எதைத்தான் தொட்டுப் பார்க்கவில்லை, எந்த ஊரானாலும் முதல் வகுப்புக்குக் காசு கேட்காத ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது, கிதாரை மடியில் வைக்கத் தெரியும், ஜூடோவுக்கு இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு குனிந்து வணங்கத் தெரியும், களிமண்ணைப் பிசைந்து உருட்டத் தெரியும், நீச்சலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், குளம் இல்லாத ஊர் ஏது... ஒரே பள்ளிக்கூடம் ஒரே தெரு என்று கிடக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிடைக்குமா என்று அக்காவிடம் போனில் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது, அக்கா அதற்குச் சாப்பிட்டாயா என்று கேட்டாள், அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? முந்தைய ஊரில் ரொட்டிக் கடைக்காரி இவளைப் பார்த்ததும் கேட்காமலே வழக்கமான பொட்டலத்தை எடுத்து நீட்டினாள், அன்றைக்கே இவளுக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது, கிளம்பலாமா என்று கணவனைப் பிய்த்துப் பிடுங்கினாள், அந்தப் பெண் செய்ததில் என்ன தப்பு, சிரித்தாள், அவ்வளவுதானே... சரி, ஏரி, ஏரியை யோசி, மர மேடையிலிருந்து பிள்ளைகள் தண்ணீருக்குள் குதிக்கிற படம் போட்டிருக்கிறது, அனுமதிக் கட்டணம் கிடையாது, காலையில் எழுந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்.

"பாப்பா, நீ ஏற்கனவே கத்துக்கிட்டிருக்கியா? காலை இவ்ளோ நல்லா உதைக்கறியே" என்று பயிற்சி கொடுக்கும் பெண் கேட்பது காதில் விழுந்தது. "இல்லக்கா, இதான் முதல் தடவை" என்றாள் சிட்டு. அவள் போனைத் தாழ்த்தினாள். இதை யார் சொல்லிக்கொடுத்தது? புதிதாக வருகிறவர்களுக்குத்தான் இலவசம் என்பது உண்மைதான், அதற்காக வீட்டில் யாரும் இவளை உட்கார வைத்துப் பொய் பழக்கவில்லையே... தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சு விடச் சொன்னார்கள், குமிழி குமிழியாக வந்தது, சிட்டு தலையைத் தூக்கி, ஐயோ என்று ஆச்சரியப்பட்டாள், அப்படியே முதல் முறை பார்க்கிற பிள்ளை மாதிரி, சரியான கள்ளி, அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இப்போ கம்பிய விட்டுரு, நான் பிடிச்சுக்கறேன்." சிட்டு விடவில்லை. "விடும்மா, ஒண்ணும் ஆகாது." போதுமடி நடிப்பு, ரொம்ப நடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மனதுக்குள் அதட்டினாள், அப்புறம்தான் அந்த விரல்களைப் பார்த்தாள், கம்பியை நெரித்துக்கொண்டு வெளுத்துப் போயிருந்தன, மோவாய் நடுங்கியது, கண் அம்மாவைத் தேடவே இல்லை, கம்பியை மட்டும் பார்த்தது. இது நடிப்பில்லை. முதல் வகுப்பில் யாரும் கம்பியை விடச் சொல்வதில்லை, இந்தப் பெண்தான் ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டாள், எந்த ஊரிலும், எந்தக் குளத்திலும், சிட்டு ஒரு தடவைகூடக் கம்பியை விட்டதில்லை... ஏரி. அங்கே ஆழமாச்சே, அவளுக்கு நீச்சல் வருமா என்று நேற்றுத்தான் கணவன் கேட்டான், "என்ன கேள்வி இது, எத்தனை ஊர்க் குளத்துல இறங்கியிருக்கா" என்று அவன் வாயை அடைத்தவள் யார்? நாளைக்கு அந்த மேடையின் மேல் நிற்க வைத்து, குதிடி கண்ணு, நான் வீடியோ எடுக்கிறேன் என்று சொல்லியிருப்பாள், கட்டாயம் சொல்லியிருப்பாள், சிட்டுவும் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டாள்.

வகுப்பு முடிந்து, பயிற்சிக்காரப் பெண் சிட்டுவைத் துண்டில் சுருட்டி அழைத்து வந்தாள். "பயம் மட்டும்தான் மேடம், மத்ததெல்லாம் நல்லா வருது. நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க, காசெல்லாம் வேணாம், கைய விட வைக்கறது என் பொறுப்பு. வருவீங்கல்ல?" என்றாள். இந்த இடத்துக்கு அவளிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும், எல்லா ஊரிலும் அதையேதான் சொல்வாள், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைச் சுருக்கிச் சிரித்து, சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினால் அந்த முகங்களை மறுபடி பார்க்கப்போவதில்லை. இன்றைக்கு அது வாயில் வரவில்லை. நாளைக்கு ஏரி, அதோடு இந்த ஊரை விட்டுக் கிளம்பப் போகிறோம் என்று உள்ளதைச் சொல்லிவிடலாமா, இல்லை, கிளம்பாமலே இருந்துவிட்டால் என்ன, வேனை யார் துரத்துகிறார்கள், இந்த ஊரில் இன்னும் நாலு நாள் இருந்தால் குடி முழுகிப் போய்விடுமா... வாயைத் திறந்தாள்.

"கண்டிப்பா வர்றோம்க்கா" என்றாள் சிட்டு.

தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். அந்தப் பெண் மகிழ்ந்துபோய்க் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளைகளிடம் போய்விட்டாள். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து மகளின் தலையைத் துவட்டினாள், துவட்டுகிற சாக்கில் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். பெற்று வளர்த்த முகம், எதற்குக் கோணும் எதற்கு மலரும் என்று தனக்குத் தெரியாததா... நிஜமாகவே வரவேண்டும் என்றுதான் சொன்னாயா என்று கேட்டுவிடலாம், கேட்டால் சிட்டு ஏதாவது சொல்வாள், ஆனால் அதையும் இதே சிரிப்போடுதான் சொல்வாள்.