எஞ்சினின் காது

பெனடிக்ற்றின் ஜீப்புக்கு எந்தப் பெற்றோல் அடிக்க வேண்டும் என்பதை உப்புக்குளத்து மெக்கானிக் ஜமால்தீன் அது வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். ஜப்பானில் ஓடி, கொழும்பில் ஓடி, பிறகு பேசாலைக்கு வந்த வெள்ளை ஜீப் அது. குடும்பம் முழுவதும் ஏறினாலும் இடம் மிஞ்சும். பெற்றோல் மூடியின் உள்பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள் இருந்தது. ஜமால்தீன் அதைப் போனில் படமெடுத்து வாசித்துப் பார்த்தார்.

"உயர்ந்த பெற்றோல் மட்டும் எண்டு போட்டிருக்கு தம்பி. இஞ்ச எண்டா ஒக்ரேன் 95. கிடைக்காட்டி 92 அடிச்சு மெல்ல ஓடலாம். இதுல டேர்போ இருக்கு. மத்த எஞ்சின் காத்தை ஒருக்கா நெரிக்கும். இது ரெண்டு தரம் நெரிக்கும்."

"அப்ப இவர் எங்கட சுவாமியார் மாதிரி. வைக்கிறதையெல்லாம் சாப்பிட மாட்டார்."

"சிரிங்க, சிரிங்க. மண்ணெண்ணெய் கலந்தது எதையாவது ஊத்தினா என்னட்டக் கொண்டு வராதீங்க. நேர சவக்காலைக்குக் கொண்டு போங்க."

பெனடிக்ற் சிரித்தான். 95 என்றால் பலம் கூடியது, பணக்காரர் அடிப்பது என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இலக்கம் பலத்தைச் சொல்வதில்லை, பொறுமையைச் சொல்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றை நெரித்தால் அது சுடும். எஞ்சினுக்குள்ளும் அதேதான். பிஸ்ரன் மேலே வந்து காற்றையும் பெற்றோலையும் சேர்த்து நெரிக்கும்போது உள்ளே சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டில் பெற்றோல் தானாகப் பற்றிவிடக் கூடாது. பிளக் பொறி போட்டு, அந்தப் பொறியின் சுவாலை பரவி வரும்வரை அது காத்திருக்க வேண்டும். 95 நன்றாகப் பொறுக்கும். 92 கொஞ்சம் குறைவாகப் பொறுக்கும். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. சுவாலை வந்து சேருமுன்பே மூலையில் கிடக்கும் மிச்சம் தன்பாட்டில் வெடித்தால், பிஸ்ரனின் தலையில் சம்மட்டியால் அடித்த மாதிரி.

ஆனால் பெனடிக்ற்றின் கைக்குப் பழகியது மண்ணெண்ணெய்தான். அவன் மீன்பிடிக்கப் போகும் படகின் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்கென்றே செய்த எஞ்சின் அது. காற்றை அவ்வளவாக நெரிக்காது. அதனால் மண்ணெண்ணெயின் அவசரம் அதற்குப் பெரிய கேடு செய்வதில்லை. என்றாலும் சுமை ஏறும்போது தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படகின் முன் அணியத்தில் சாய்ந்து நித்திரை கொள்வான் பெனடிக்ற். அது நின்றால்தான் விழிப்பான்.

அவனுடைய தங்கை டினோஜாவுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது என்றும், எந்த நேரத்திலும் இரத்தம் போகலாம் என்றும், அவளைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவரும் யாழ்ப்பாணத்து டொக்ரர் சொல்லியிருந்தார். திகதிக்கு முன்பே வந்து வாட்டில் படுக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாகனத்துக்குச் சொல்லிவைப்போம் என்றான் அவள் புருசன் நிறோஜன். அவன் ஐஸ் கொம்பனியில் வேலை செய்பவன், அதிகம் பேசமாட்டான்.

"என்ர வாகனம் வாசலில நிக்கேக்க என்ர தங்கச்சி ஏன் ஆரின்ரயோ வாகனத்தில போறாள்?" என்றான் பெனடிக்ற். "ஏசியைப் போட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகட்டும்."

அந்தக் கிழமை மழை விடாமல் பெய்து தெற்கே பாதை மூடிக்கிடந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் பெனடிக்ற் மன்னார் ரவுணுக்குப் போனான். பெற்றோல் ஷெட்டில் பம்புகளுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பம்படிக்கிற அலியார் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

"95 வாறதே பெருநாளைக்கு ஒருக்கா. இப்ப 92உம் முடிஞ்சுது. நாளைக்குக் காலம்பற பெற்றோல் பவுசர் வரும், பாதை திறந்திட்டுது."

"நாங்கள் விடியவே வெளிக்கிட வேணும்."

"கொஞ்சம் பிந்தி வெளிக்கிடுங்களன். யாழ்ப்பாணம் எங்கயும் ஓடிப்போகாது."

ஜீப்பின் தாங்கியில் யாழ்ப்பாணத்துக்குக் காணாத பெற்றோல்தான் கிடந்தது. பவுசருக்காகக் காத்திருந்திருக்கலாம். அப்படிக் காத்திருந்தால் நிறோஜன் ஆஸ்பத்திரி வாகனத்தின் கதையை மறுபடியும் எடுப்பான். எடுத்தால், வாசலில் நிற்கும் ஜீப் வெறும் படமாகிவிடும். பெனடிக்ற் வரும் வழியில் கடற்கரையில் தங்கள் மீன்வாடிக்குப் போனான். படகுக்கு ஸ்ராட் பெற்றோல் வைக்கும் நீலக் கலன் முக்கால்வாசி இருந்தது. அது தனிப் பெற்றோல் அல்ல என்பது அவனுக்குத் தெரியும். பெற்றோல் தட்டுப்பாடான நாட்களில் தம்பி ஜெனிஸ்ரன் அதற்குள் மண்ணெண்ணெய் விட்டு நிரப்புவான். கரையில் எல்லாரும் செய்வதுதான். கலனில் மிஞ்சுவதை பெனடிக்ற்றே எத்தனையோ தரம் தன் மோட்டார்சைக்கிளில் ஊற்றியிருக்கிறான். கொஞ்சம் புகைக்கும், அவ்வளவுதான்.

எஞ்சின் எஞ்சின்தானே என்று நினைத்துக்கொண்டு ஊற்றினான்.

விடிய, டினோஜாவைப் பின் சீற்றில் தலையணை வைத்துச் சாய்த்து இருத்தினார்கள். நிறோஜன் முன்னால் ஏறும்போது கேட்டான்.

"மச்சான், 95 அடிச்சாச்சோ?"

"ஓம், ஓம். நேற்றே அடிச்சிட்டன்."

அவன் கேட்டது அது ஒன்றுதான். பெல்ற்றை மாட்டிக்கொண்டு சிலுவை போட்டான்.

மன்னார்ப் பாலம் தாண்டி, தள்ளாடிச் சந்தி கழிந்து, பூநகரிப் பாதையில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் வயல்களில் வெள்ளம். பெனடிக்ற் மெதுவாகத்தான் ஓட்டினான். மெதுவாக ஓடும்போது உள்ளே நெரிசலும் குறைவு. கலந்த எண்ணெய்கூட ஒருமாதிரிப் பொறுத்துக்கொள்ளும். அத்தோடு இப்படியான எஞ்சினுக்கு ஒரு காதும் உண்டு. இரும்பில் பெருவிரல் அளவில் பதித்த ஒரு கருவி. உள்ளே முந்திப் பற்றுகிற சத்தம் வந்தால் அது கேட்டு, பொறியைச் சற்றுப் பிந்திப் போடச் சொல்லும். எஞ்சின் தன் இழுவையை விட்டுக்கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

"அண்ணா, ஏதோ சத்தம் கேக்குது," என்றாள் டினோஜா.

பெனடிக்ற் காதைக் கொடுத்தான். தகர டப்பாவுக்குள் ஆணிகள். அவனுக்கு அது வீட்டுச் சத்தம்.

"அது எஞ்சின்ர சத்தம்தான். நீ கண்ணை மூடிக்கொண்டு படு."

"உங்கட போட்டில போற மாதிரிக் கிடக்கு."

"ரிக்கற் எடுக்காமல் போறாய். கதைக்காத," என்றான். அவள் சிரித்தாள். நிறோஜனும் கொஞ்சம் சிரித்தான்.

இலுப்பைக்கடவை கழிந்து கொஞ்சத் தூரத்தில் டினோஜாவின் குரல் மாறியது.

"நிறோஜன். எனக்குக் கீழ ஈரமாக் கிடக்கு."

நிறோஜன் திரும்பிப் பார்த்தான். பிறகு பெல்ற்றைக் கழற்றி, இரண்டு சீற்றுக்கும் நடுவால் பின்னுக்குப் போனான். "ரத்தம், மச்சான்," என்றான். "ஓடுங்கோ."

முன்னால் முழங்காவில் என்ற ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. மெதுவாகப் போயிருந்தால் அந்த எஞ்சின் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் தங்கையின் இரத்தம் சீற்றில் ஊறும்போது எந்த அண்ணன் மெதுவாகப் போவான்? பெனடிக்ற் காலை அடித்தளம்வரை அமத்தினான். டேர்போ காற்றை அள்ளித் திணித்தது, பிஸ்ரன் அதை இன்னும் நெரித்தது, மண்ணெண்ணெய் காத்திருக்கவில்லை. ஆணிச் சத்தம் கல்லுடைக்கும் சத்தமானது. எஞ்சினின் காது கேட்டது, பொறியைப் பிந்திப் போட்டது, இழுவை விழுந்தது. கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. இழுவை போதாதென்று பெனடிக்ற் காலை எடுக்காமல் அமத்திக்கொண்டே இருந்தான். சத்தம் இருக்கும்வரை எஞ்சின் உயிரோடுதான் இருக்கிறது என்பதே கடலில் அவன் கற்றது.

வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட ஒரேயொரு இடி. பிறகு சத்தம் எதுவுமில்லை. பின்னால் நீலப் புகை வீதியை மூடியது. ஜீப் தன்பாட்டில் உருண்டு வயலோரம் நின்றது.

நிறோஜன் ஆம்புலன்சுக்குப் போன் அடித்தான். வருகிறோம் என்றார்கள், தூரமென்றும் சொன்னார்கள். பெனடிக்ற் வீதியின் நடுவே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். மழை தூறியது. வந்தது ஓர் உழவு மெசின். பின்னால் இழுவைப் பெட்டி, பெட்டிக்குள் உர மூட்டைகள். ஓட்டிவந்த செல்லையா மலைநாட்டிலிருந்து வந்து அங்கே குடியேறியவர். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

"மூட்டைய எறக்குங்க. பாலம்மா, அந்தப் படங்கு எங்க? புள்ளைக்கு மேல பிடி, நனையாம."

பெட்டியில் அவருடன் வந்த மனைவி பாலம்மா டினோஜாவின் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். "கண்ணு, என்னையே பாரு. தூங்கிடாத," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறோஜன் மனைவியின் கால்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். பெனடிக்ற் பெட்டியின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு குந்தினான்.

உழவு மெசின் டீசலில் ஓடுவது. அதற்குள் பிளக் இல்லை, பொறி இல்லை. காற்றை அது மிக மோசமாக நெரித்து, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைத் தானாகப் பற்றவைக்கிறது. ஜீப்பைக் கொன்ற அதே அவசரம்தான் இதற்கு உயிர். டக் டக்கென்று வழி முழுக்க அது அடித்துக்கொண்டே போனது. பெனடிக்ற்றுக்குப் பழகிய சத்தம் போலத்தான் இருந்தது. அதற்கு மேல் வேகமாகப் போக அதனால் முடியவில்லை.

முழங்காவிலில் அவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, அங்கிருந்து கிளிநொச்சிக்கு அனுப்பினார்கள். டினோஜா பிழைத்தாள். பிள்ளை பெண். மூச்சு இருக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று நிறோஜன் தாதியிடம் கேட்டான். தாதியும் கத்தோலிக்கப் பெண்தான், தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தண்ணீர் உயிருக்குத்தான் ஊற்றுவது.

பிள்ளையைப் பேசாலையில் அடக்கம் செய்தார்கள். சவக்காலையில் பலர் பெனடிக்ற்றின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். உன்னாலதான் தாயாவது மிஞ்சினாள் என்றார்கள். அவன் யாரையும் மறுக்கவில்லை.

ஜீப்பை இழுத்துவந்து ஜமால்தீனின் கராஜில் விட்டிருந்தார்கள். அவர் எஞ்சினைத் திறந்த அன்று பெனடிக்ற் தனியே போயிருந்தான். பின்னாலேயே நிறோஜனும் வந்தான். ஜமால்தீன் ஒரு பிஸ்ரனைத் துணியில் வைத்துக் காட்டினார். தலையில் ஓரம் உருகி, நடுவில் விரல் போகக்கூடிய ஓட்டை.

"95 அடிச்சும் இப்பிடி வருமோ, ஜமால்தீன் நானா?" என்று கேட்டான் நிறோஜன்.

ஜமால்தீன் பெனடிக்ற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து தாங்கியிலிருந்து இறக்கிய எண்ணெயை இரும்புத் தாச்சியோடு மேசையில் வைத்தார். 

நிறோஜன் மேசையில் கிடந்த காகித மட்டை ஒன்றைக் கிழித்தான். கராஜில் கழுவுவதற்கு வைத்திருந்த ஷெட் பெற்றோலில் விரலைத் தோய்த்து ஒரு சொட்டு வைத்தான். தாச்சியில் தோய்த்துப் பக்கத்தில் இன்னொரு சொட்டு. கரையில் பிறந்த யாருக்கும் தெரிந்த வேலை அது. பெற்றோல் காற்றில் போய்விடும், அடையாளம் விடாது. மண்ணெண்ணெய் போகாது.

மூன்று பேரும் மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் சொட்டு சுருங்கியது, வெளிறியது, இல்லாமல் போனது. இரண்டாவது சொட்டு விரிந்து கொழுப்புப் போல மினுங்கியது.

"இது காயேல்ல, மச்சான்."

பெனடிக்ற் வாயைத் திறந்தான். "நிறோஜன், பவுசர் வரேல்ல. நான் நினைச்சன்..."

"நான் உங்களிட்டக் கேட்டனான்." நிறோஜனின் குரல் உயரவில்லை. "வாகனத்தில ஏறேக்கயே கேட்டனான்."

"டினோஜாவுக்கு நானே சொல்லுறன்."

"வேண்டாம். அவள் உங்களைப் பற்றி ஆக்களுக்குப் பெருமையாச் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் சொல்லுறன்."

அவன் மட்டையை மடிக்காமல், காற்றுப்படும்படி கையில் ஏந்திக்கொண்டு வெளியே நடந்தான். வெயிலுக்குள் போனதும் ஒரு தரம் நின்று அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். பிறகும் நடந்தான். அந்தத் தூரத்திலிருந்தும் பெனடிக்ற்றுக்கு மட்டையில் ஒரு மினுக்கம் தெரிந்தது.